கணித வகுப்பும் தரக்கணிப்பும்: கல்லடியை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஈழத்துப் பாடசாலை வழக்கில் ‘தரம்’ என்னும் சொல் மூன்று பொருளிற் பயின்று வருகின்றது. மாணவன் அமர்ந்து படிக்கும் வகுப்பு தரம் எனப்படுகின்றது. ‘தரம் ஏழு’ என்று கூறுகின்றோம். அவன் தோற்றும் பரீட்சையின் படியும் தரம் எனப்படுகின்றது. சாதாரண தரம், உயர்தரம் என்பன அவ்வழி வந்தவை. அவன் பெற்ற புள்ளிகளின் மதிப்பும் தரமே. இருக்கும் இடம், ஏறவேண்டிய படி, அளக்கப்பட்ட மதிப்பு ஆகிய மூன்றையும் ஒரே சொல்லாற் சுட்டுவது தற்செயல் அன்று. பிள்ளைகளை வகுப்பாகப் பிரிப்பதும் அவர்களுக்குப் புள்ளியிடுவதும் ஒரே நிருவாக மரபிலிருந்து கிளைத்தவை என்பதற்கு இச்சொல்லே சான்றாகின்றது.

இவ்விரண்டும் மிகக் கூர்மையாகச் சந்திக்கும் இடம் கணித வகுப்பாகும். இலக்கியத்தில் ஒரு மாணவனின் விடையைப் பற்றி இரு ஆசிரியர் வேறுபடலாம். கணிதத்தில் விடை சரி அல்லது பிழை என்ற எண்ணம் நிலவுவதால் அங்கு இடப்படும் புள்ளி ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்று கருதப்படுகின்றது. ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையான நான்காண்டுகளில், ‘கணக்கு வரும் பிள்ளை’, ‘கணக்கு வராத பிள்ளை’ என்ற பிரிவு வகுப்பிலும் வீட்டிலும் உறுதியாகிவிடுகின்றது. அப்பிரிவு இயற்கையானதா, அன்றி வகுப்பை ஒழுங்குசெய்யும் முறையும் புள்ளியிடும் முறையும் சேர்ந்து உண்டாக்கியதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவைக் கல்லடியை முன்னிறுத்தி ஆராய்வதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட அவ்வூரிலேதான், கணிதத்தையும் தமிழையும் ஒருங்கே கற்ற ஈழத்தறிஞருள் முதன்மையானவரான சுவாமி விபுலானந்தர் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். நாட்டின் கல்வி வரலாற்றில் நிகழ்ந்த பெருமாற்றங்கள் யாவும் அத்தகைய ஒரு பாடசாலையின் வகுப்பறையைத் தொட்டே சென்றுள்ளன.

திண்ணையும் சட்டாம்பிள்ளையும்

ஐரோப்பியர் வருகைக்கு முந்திய தமிழ்ப் பள்ளியில் இன்றைய பொருளில் வகுப்பு என ஒன்றிருக்கவில்லை. திண்ணைப் பள்ளியிற் பல வயதுப் பிள்ளைகள் ஓரிடத்திலிருந்து தத்தம் சுவடியைப் படித்தனர். எண்சுவடியை ஒருவன் ஓராண்டில் முடிப்பான். இன்னொருவனுக்கு ஈராண்டு செல்லும். முடித்தவன் அடுத்த சுவடிக்குச் சென்றான். முடிக்காதவன் அதிலேயே நின்றான். அங்கே அளவுகோல் ‘கற்று முடித்தானா’ என்பதே. ‘எத்தனையாம் பிள்ளை’ என்பதன்று.

கற்பிக்கப்பட்ட கணிதமும் வாழ்க்கைத் தொழிலோடு பிணைந்திருந்தது. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு; காணி என்பது எண்பதில் ஒரு பங்கு; மா என்பது இருபதில் ஒரு பங்கு. இத்தகைய நுண்பின்னங்களை வாய்பாடாக மனனஞ் செய்த மாணவன் நிலவரி, நெற்கணக்கு, வட்டி ஆகியவற்றைத் தாளின்றியே கணித்தான். மட்டக்களப்புப் பிரதேசத்தில் வயலின் பரப்பை அதில் விதைக்கும் நெல்லின் அளவால் உரைக்கும் வழக்கு நெடுங்காலம் இருந்தது. அவணம், மரைக்கால் என்னும் அளவைகளை அறியாதவன் அங்கே விவசாயியாகவோ, வயல் நிருவாகம் பார்க்கும் வட்டவிதானையாகவோ, கோயிற் கணக்கை வைத்திருக்கும் வண்ணக்கராகவோ இருந்திருக்க முடியாது. பிழையான கணக்குக்குத் தண்டனை புள்ளிக்குறைவு அன்று. களத்திலும் கோயிலிலும் ஏற்படும் நட்டமே.

இம்முறையைப் பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. பெரும்பாலான பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அத்திண்ணையில் இடம் பெறவில்லை. பிரம்பு அங்கே தாராளமாகப் பயன்பட்டது. மனனம் மிகுந்து விளக்கம் குறைந்திருந்தது. எனினும் ஒவ்வொருவனும் தன் வேகத்திற் கற்றான் என்பதும், முன்னே கற்றவன் பின்னே வருபவனுக்குச் சட்டாம்பிள்ளையாக நின்று கற்பித்தான் என்பதும் அம்முறையின் உண்மையான வலிமைகளாம்.

இச்சட்டாம்பிள்ளை முறை ஐரோப்பாவுக்குச் சென்று உருமாறித் திரும்பிய கதை சிந்திக்கத்தக்கது. 1789இற் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கு மேற்பார்வையாளராக அமர்ந்த அன்றூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை விரிவாக்கி 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என அது பிரித்தானியாவிற் பரவியது. ஆனால் பெல் அதனோடு ஒரு புதுமையையுஞ் சேர்த்தார். சம ஆற்றலுடைய பிள்ளைகள் வகுப்புகளாகப் பகுக்கப்பட்டனர். வகுப்பினுள் சரியான விடை கூறியவன் தவறியவனைத் தாண்டி மேலிடத்தில் நின்றான். இன்று நாம் ‘முதலாம் பிள்ளை’, ‘இரண்டாம் பிள்ளை’ என்று கூறும் வரிசைமுறையின் ஒரு வேர் இங்கே உள்ளது. தமிழ்த் திண்ணையிற் கற்பிக்கும் உதவியாக இருந்தது, கடல் கடந்து மீள்கையிற் போட்டியின் கருவியாயிற்று.

மெதடிஸ்த சபையின் வில்லியம் ஓல்ற் பாதிரியார் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலை தொடங்கிய காலம், பிரித்தானிய மிஷனரிமாரிடையே இத்தகைய முறைகள் செல்வாக்குற்றிருந்த காலமேயாகும். ஓல்ற் அடுத்த ஆண்டே காலமானார். அவர் தொடங்கிய பாடசாலையோ மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இரு நூற்றாண்டைக் கடந்து நிலைத்துள்ளது.

பெறுபேற்றுக்கு ஏற்ற பணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் புள்ளி புதியதொரு பொருளைப் பெற்றது. 1862இல் இங்கிலாந்தில் றொபேட் லோவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த திருத்திய கல்விச் சட்டக்கோவை, பாடசாலைக்குரிய அரச உதவியைப் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேற்றோடு பிணைத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் பரீட்சையின் பேரில் 8 சிலிங் கிடைக்கும். வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் என்னும் மூன்றில் ஒன்றில் தவறினால் 2 சிலிங் 8 பென்சு குறையும். பாடசாலை ஆறு ‘தராதரங்களாக’ வகுக்கப்பட்டது. ஒவ்வொரு தராதரத்துக்கும் எண்கணிதத்தில் எது என வரையறுக்கப்பட்டது. எளிய கூட்டல் கழித்தலிற் தொடங்கிப் பெருக்கல் வாய்பாடு, குறுவகுத்தல், பணக்கணக்கு, நிறுத்தலளவை என ஏறிக் கடைப்பட்டியல் எழுதுவதோடு அது முடிந்தது.

இலங்கையிற் சட்டசபையின் உபகுழு 1867இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கு ஏற்பப் பணம் வழங்கும் முறை அதன்வழி இங்கும் வந்தது. மிஷனரிப் பாடசாலைகள் நிறைந்த மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் இம்முறைக்குள் வந்தன.

இதன் விளைவு யாது? பரிசோதகர் வரும் ஒரு நாள், ஆண்டு முழுவதையும் ஆட்கொண்டது. பிள்ளை பிழைவிட்டால் ஆசிரியனின் ஊதியம் குறையும். ஆகவே, பரிசோதகர் கேட்கும் வகைக் கணக்கையே திரும்பத் திரும்பச் செய்வித்தல் ஆசிரியனுக்குப் பாதுகாப்பாயிற்று. ஏன் அவ்வாறு செய்கின்றோம் என்று விளக்குவது வீண்செலவாயிற்று. இங்கிலாந்திற் பாடசாலைப் பரிசோதகராயிருந்த கவிஞர் மத்தியூ ஆணல்ட் இம்முறை கற்பித்தலை இயந்திரத்தனமாக்குகின்றது என அன்றே கண்டித்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்து அதனைக் கைவிட்டது. இலங்கையிலும் அது பின்னர் மறைந்தது. ஆயினும் அது விட்டுச்சென்ற மூன்று பழக்கங்கள் மறையவில்லை. வயதும் வகுப்பும் ஒன்றாதல், ஒரு நாட் பரீட்சை ஓராண்டுக் கற்றலுக்கு ஈடாதல், பிள்ளையின் புள்ளி ஆசிரியனின் மதிப்புக்கும் அளவாதல் என்பனவே அவை.

சான்றிதழின் ஆட்சியும் கல்லடிப் பாடசாலையும்

ஆங்கிலப் பாடசாலைகளில் நிலைமை வேறாயினும் சாரம் ஒன்றே. கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880 முதல் இலங்கையில் நடைபெற்றன. அவற்றிற் சித்தியெய்தியோருக்கு அரசாங்க எழுதுவினைஞர் பதவியும் ஆசிரியத் தொழிலும் எட்டின. எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம் என மூன்றாகப் பகுக்கப்பட்டிருந்த கணிதம், பவுண், சிலிங், பென்சு என்னும் அந்நிய நாணயத்திலும், யூக்கிளிட்டின் தேற்றங்களிலும் புழங்கியது. வாவிக்கரைப் பிள்ளை வீட்டில் மரைக்காலால் அளந்தான். வகுப்பில் புசலால் அளந்தான். இரண்டுக்கும் இடையே பாலமிடுவது பாடத்திட்டத்தின் கடமையாகக் கருதப்படவில்லை.

தமிழிற் கணிதம் எழுத இயலாமையால் இந்நிலை ஏற்பட்டது என்று கூறவும் முடியாது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினறியின் அறிவுமரபில் வந்த கறோல் விசுவநாதபிள்ளை 1855இலேயே ‘வீசகணிதம்’ என்னும் அட்சரகணித நூலைத் தமிழில் வெளியிட்டார். இயலாமை மொழிக்கு இல்லை. தமிழிற் கணிதம் கற்றவனுக்குச் சந்தையில் விலையில்லை என்பதே உண்மை.

இவ்விரு உலகங்களும் ஒரு மனிதரிடத்தே சந்தித்தன. காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனம், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று 1908இற் கேம்பிரிட்ஜ் சிரேட்ட பரீட்சையிற் சித்தியெய்தினார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும், பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். விஞ்ஞான ஆசிரியராகவும் அதிபராகவும் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிப் பின் இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்து, 1924இற் சுவாமி விபுலானந்தர் ஆனார். அதே ஆண்டிலேதான் மட்டக்களப்பு நகரையும் கல்லடியையும் இணைக்கும் லேடி மனிங் பாலம் திறக்கப்பட்டது. 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. தமது குருவான சுவாமி சிவானந்தரின் பெயரை அதற்கு அவர் இட்டார். அயற் கிராமத்துப் பிள்ளைகள் தம் சமயச் சூழலை விட்டகலாது ஆங்கிலக் கல்வி பெறுவதற்கு அது வழி செய்தது.

விபுலானந்தரின் கணிதம் அவர் பெற்ற பட்டத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’, பழந்தமிழ் இசைச் சுரங்களின் நிலைகளை விகிதங்களாகக் கணித்து, நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள தொடர்பைக் கொண்டு மறைந்த யாழை மீட்டெடுக்க முயன்ற நூலாகும். இலக்கியச் சான்றும் கணிதமும் ஒன்றையொன்று தாங்கும் தமிழ் ஆராய்ச்சிக்கு அது எடுத்துக்காட்டு. அதற்கு முன் 1936இற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்களின் தொகுதி 1938இல் நூலாக வெளிவந்தது. 1947 யூலையில் அவர் மறைந்தபோது அவரது உடல் கல்லடியில், தாம் நிறுவிய வித்தியாலய வளவிலேயே சமாதியில் வைக்கப்பட்டது.

பின்னத்தை நரம்பிற் கேட்கலாம் என்று காட்டிய ஒருவரின் சமாதி அருகே, பின்னம் என்றால் அச்சம் கொள்ளும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்துள்ளனர். இது அப்பாடசாலையின் குறையன்று. நாடு முழுவதற்கும் பொதுவான குறை. அறிஞன் ஒருவனிடத்துச் சேர்ந்து நின்ற அறிவைப் பரீட்சை முறை வகுப்பறையிற் சேரவிடவில்லை.

இலவசக் கல்வியும் இரு கணிதங்களும்

1945இற் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியாயிற்று. 1950களில் ஆறாம் வகுப்பிலிருந்து மேல்நோக்கிப் படிப்படியாகத் தமிழும் சிங்களமும் இடம்பெற்றன. அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற் தொகுதிகளின் துணையோடு கணித நூல்கள் தமிழில் எழுந்தன. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. இராமகிருஷ்ண மிஷன் நடத்திய பாடசாலைகளும் அவ்வாறே அரசிடம் சென்றன.

கதவு திறந்தது, ஆனால் உள்ளே இரு பாதைகள் இருந்தன. 1972க்கு முன்னர் பலருக்கு எண்கணிதம் மட்டுமே கற்பிக்கப்பட்டது. அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் அடங்கிய கணிதம், அதற்குரிய ஆசிரியர் இருந்த பாடசாலைகளிலேயே கிடைத்தது. கிராமப் பாடசாலைகளும் பெண்கள் பாடசாலைகள் பலவும் முதற் பாதையிலேயே நின்றன. ஆகவே எந்தக் கணிதத்தைக் கற்றான் என்பதே பின்னர் விஞ்ஞானம் கற்பானா, பொறியியலாளனாவானா என்பதை முடிவு செய்தது. பிள்ளையின் ஆற்றல் சோதிக்கப்படுமுன்னரே அவன் வசிக்கும் ஊர் அவனுக்குத் தரமிட்டுவிட்டது.

1972ஆம் ஆண்டின் சீர்திருத்தம் இந்த இருமையை உடைக்க முனைந்தது. ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை யாவருக்கும் ஒரே பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. கணிதம் கட்டாய பாடமாயிற்று; பகுதிகளாகப் பிரிந்திருந்த கணிதம் ஒரே பாடமாக ஒன்றிணைக்கப்பட்டது; தொடை போன்ற புதிய எண்ணக்கருக்கள் புகுந்தன. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சை 1975இல் முதன்முறையாக நடைபெற்றது. 1977இல் ஆட்சி மாறியபின் பரீட்சை பழைய பெயருக்குத் திரும்பியது. எனினும் யாவருக்கும் கணிதம் என்ற கொள்கை நிலைபெற்றது. ஈழத்துக் கல்வி வரலாற்றில் இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் பாடத்தைப் பொதுவாக்கிய சீர்திருத்தம், ஆசிரியரைப் பொதுவாக்கவில்லை. கணிதப் பயிற்சி பெற்ற ஆசிரியர் நகரங்களிற் செறிந்திருக்க, வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைப் பாடசாலைகள் வெற்றிடங்களோடு அதே பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பின.

புள்ளி ஒரு சமூக வினாவாதல்

அதே ஆண்டுகளிற் புள்ளி என்பது வெறும் வகுப்பறை விடயமன்று என்பதை நாடு உணர்ந்தது. 1971இற் பல்கலைக்கழக அனுமதியின்போது தமிழ்மொழி மூலம் தோற்றியோருக்கு உயர்ந்த வெட்டுப்புள்ளி விதிக்கப்பட்டது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளியும் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் வேண்டப்பட்டன. 1973இல் மொழிவாரியான தரப்படுத்தலும், 1974இல் மாவட்டப் பங்கீடும் தொடர்ந்தன. யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. வசதி குறைந்த மாவட்டங்கள் சில இடங்களைப் பெற்றன.

இவ்விரண்டு நடவடிக்கைகளையும் ஒன்றாகக் கொள்வது ஆய்வுக்கு உதவாது. மொழி காரணமாக ஒருவனின் புள்ளியைக் குறைத்து மதிப்பது அநீதி. அவ்வநீதி ஒரு தலைமுறையின் நம்பிக்கையையே முறித்தது. ஆய்வுகூடமும் ஆசிரியருமற்ற ஊரில் ஒருவன் பெற்ற ஐம்பது, யாவும் வாய்த்த ஊரில் இன்னொருவன் பெற்ற ஐம்பதுக்குச் சமமா என்ற வினாவோ நியாயமானது. மட்டக்களப்பு மாணவன் இவ்விரு முகங்களையும் ஒருங்கே காண வேண்டியவன். எது எவ்வாறாயினும், எழுதிய தாளிற் புள்ளி உறைந்து கிடக்கின்றது என்ற எண்ணம் அன்றே தகர்ந்தது. புள்ளியின் பொருளை அதனைப் பயன்படுத்தும் நிறுவனமே தீர்மானிக்கின்றது.

இன்றைய வகுப்பின் அமைப்பு

இன்று ஆண்டு மூன்று தவணைகளாகவும், நாள் பாடவேளைகளாகவும் பகுக்கப்பட்டுள்ளது. தவணைதோறும் பரீட்சை, புள்ளிகளின் கூட்டுத்தொகை, சராசரி, வகுப்பில் நிலை. இவை தேர்ச்சி அறிக்கையில் ஏறிப் பெற்றோரிடம் செல்கின்றன. சாதாரண தரப் பரீட்சையில் முன்னர் ‘டி’, ‘சி’, ‘எஸ்’ என வழங்கிய சித்திகள் இப்போது ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘எஸ்’ எனப்படுகின்றன. 75க்கு மேற்பட்டது ‘ஏ’. 65 முதல் ‘பி’. 50 முதல் ‘சி’. 35 முதல் ‘எஸ்’. அதற்குக் கீழ்ப்பட்டது ‘டபிள்யூ’. கீழ் வகுப்புகளின் தவணை அறிக்கைகளும் பெரும்பாலும் இவ்வெல்லைகளையே பின்பற்றுகின்றன. பத்து வயது கடந்த பிள்ளை, ஐந்தாண்டுக்குப் பின் வரவுள்ள பரீட்சையின் அளவுகோலால் ஆறாந் தரத்திலேயே அளக்கப்படுகின்றான்.

சாதாரண தரக் கணித வினாத்தாளின் அமைப்பும் நோக்கத்தக்கது. முதலாம் பத்திரத்தில் இருபத்தைந்து குறுவினாக்கள் தலா இரண்டு புள்ளி பெறுகின்றன. ஐந்து அமைப்பு வினாக்கள் தலா பத்துப் புள்ளி பெறுகின்றன. இரண்டாம் பத்திரத்தில் இரு பகுதிகளிலுமிருந்து ஐந்தைந்தாகப் பத்து வினாக்களுக்கு விடை எழுதவேண்டும். நீண்ட வினாக்களில் இறுதி விடைக்கு மட்டுமன்றி இடைப்படிகளுக்கும் புள்ளித் திட்டம் இடமளிக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பரிசோதகரின் ‘சரி, பிழை’ என்ற இருமையைவிட இது எவ்வளவோ நீதியானது. ஆனால் தவணைப் பரீட்சையில் நாற்பது தாளைச் சில நாளில் திருத்தவேண்டிய ஆசிரியருக்கு, படிக்குப் படி புள்ளியிடும் அவகாசம் வாய்ப்பது அரிது.

ஒரு நாட் பரீட்சையின் ஆதிக்கத்தைக் குறைக்கும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. 1980களின் நடுப்பகுதியிற் கொண்டுவரப்பட்ட தொடர் மதிப்பீடு எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. 1990களின் பிற்பகுதியிற் பாடசாலை மட்டக் கணிப்பீடு அறிமுகமானது. அதன் பெறுபேறு பொதுப்பரீட்சைப் புள்ளியோடு சேராது தனியே நின்றது. 2007 முதல் தேர்ச்சியை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டம் வந்தது. மாணவரைக் குழுக்களாக இருத்திக் கண்டறியச் செய்யும் முறை ஆசிரியர் வழிகாட்டிகளிற் பரிந்துரைக்கப்பட்டது. சேர்க்கப்படாத புள்ளிக்கு மதிப்பில்லை என்பதை மாணவரும் பெற்றோரும் விரைவிற் கண்டுகொண்டனர். கணிப்பீடு பல இடங்களிற் படிவம் நிரப்பும் கருமமாயிற்று; உண்மையான கற்றலைத் தனியார் வகுப்பு ஏற்றது.

புள்ளி சொல்வதும் சொல்லாததும்

இம்முறையின் உட்குறையை இரு எளிய கணக்குகளால் விளக்கலாம். ஒரு மாணவி மூன்று தவணைகளில் முறையே 20, 40, 60 புள்ளி பெறுகின்றாள். இன்னொருத்தி 60, 40, 20 பெறுகின்றாள். இருவரதும் சராசரி 40. தேர்ச்சி அறிக்கை இருவரையும் சமமாக நிறுத்துகின்றது. ஒருத்தி கற்றுக்கொண்டு வருகின்றாள். மற்றவளுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது. ஆசிரியர் அறியவேண்டிய முதன்மையான செய்தி எதுவோ, அதனையே சராசரி அழித்துவிடுகின்றது. கல்லடி போன்ற ஊரில் இது வெறுங் கற்பனை அன்று. 1978 நவம்பர் 23இற் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. அதன்பின் நீண்ட போர்க்காலத்தின் இடப்பெயர்வுகள் வந்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடிக் கரையை விழுங்கியது. இத்தகைய ஆண்டுகளில் ஒரு பிள்ளையின் புள்ளி இறங்கியதென்றால் அது கணித ஆற்றலின் அளவா, இழந்த வீட்டின் அளவா? பதிவேட்டில் இவ்விரண்டையும் வேறுபடுத்த நிரல் இல்லை.

இரண்டாவது கணக்கு பின்னம் பற்றியது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டுமாறு கேட்டால் ஆறாந் தரப் பிள்ளைகள் பலர் ஐந்தில் இரண்டு என எழுதுவர். மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டிவிடுகின்றனர். விடை பிழை, புள்ளி பூச்சியம். ஆனால் அப்பிள்ளை இதனை எங்கே கற்றது? இரண்டு புள்ளிக்குரிய வினாவில் ஒன்றும், மூன்று புள்ளிக்குரிய வினாவில் ஒன்றும் பெற்றால், மொத்தம் ஐந்துக்கு இரண்டு என்றுதான் ஆசிரியர் விடைத்தாளின் மேல் எழுதுகின்றார். புள்ளிகளைக் கூட்டும் விதியைப் பிள்ளை பின்னங்களுக்குப் பொருத்திவிட்டது. அங்கே மொத்தம் மாறுகின்றது. இங்கே இரு பங்குகளும் ஒரே முழுமையின் பங்குகள். இவ்வேறுபாட்டை ஆசிரியர் பிள்ளையோடு பேசினால் அந்தப் பிழையே சிறந்த பாடமாகும். பூச்சியம் இட்டு அடுத்த தாளுக்குச் சென்றால் அப்பிழை ஒன்பதாந் தரம் வரை கூடவே வரும்.

இதனால் பெறப்படுவது யாதெனின், புள்ளி இரு வேறு பணிகளைச் செய்யுமாறு பணிக்கப்பட்டுள்ளது. ஒன்று தெரிவு, பலருள் சிலரைப் பொறுக்குதல். மற்றது கற்றலுக்கு வழிகாட்டல். எவ்விடத்திற் தடுக்கி நிற்கின்றான் என அறிதல். தெரிவுக்கு ஓர் எண் போதும். வழிகாட்டலுக்கு எண் போதாது. பிழையின் காரணம் வேண்டும். பெறுபேற்றுக்குப் பணம் என்ற காலம் முதலாக நமது வகுப்பறை முதலாவது பணிக்காகவே ஒழுங்கமைக்கப்பட்டுள்ளது. இரண்டாவதும் அதனாலேயே நிறைவேறிவிடும் என்ற நம்பிக்கை மட்டும் எஞ்சியுள்ளது.

முடிவுரை

தெரிவையே ஒழித்துவிடலாம் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. பல்கலைக்கழக இடங்களும் தொழில்களும் எல்லையுள்ளவையாக இருக்கும்வரை தெரிவு இருக்கும். பொதுப்பரீட்சை ஒன்று இல்லையெனில் செல்வாக்கே தெரிவைச் செய்யும். ஏழைப் பிள்ளைக்குப் பரீட்சை ஒரு பாதுகாப்பு என்பதையும் வரலாறு காட்டுகின்றது. காரைதீவுச் சிறுவன் மயில்வாகனம் பரீட்சை என்னும் ஏணியாலேயே ஏறினான். வேண்டப்படுவது யாதெனில், பதினோராந் தரத்தின் இறுதியில் நிகழவேண்டிய தெரிவு ஆறாந் தரத்திலேயே தொடங்கிவிடாது தடுப்பதேயாகும்.

அதற்கு மூன்று செயல்கள் எட்டக்கூடியவை. முதலாவது, ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையிலேனும் கணிதத்தில் வகுப்பு நிலையை அறிக்கையிலிருந்து அகற்றி, எந்த அலகைக் கற்று முடித்தாள், எதனை இன்னும் முடிக்கவில்லை என்று எழுதுதல். இது புதுமை அன்று. எண்சுவடி முடித்தவன் அடுத்த சுவடிக்குச் சென்ற மரபின் மீட்பேயாகும். இரண்டாவது, முன்னே விளங்கியவர் பின்னே நிற்பவருக்கு விளக்கும் வழக்கத்தைப் போட்டியிலிருந்து விடுவித்து மீளக் கொணர்தல். மூன்றாவது, கணித ஆசிரியரை வாவியின் இரு கரைக்கும் ஒப்பப் பகிர்ந்தளித்தல். முதலிரண்டையும் ஆசிரியரும் அதிபரும் செய்யலாம். மூன்றாவதை அரசு செய்யவேண்டும்.

பல்கலைக்கழகத்தை எட்டிய நாம் இம்முறையால் மேலே தள்ளப்பட்டவர்கள். நம்மோடு ஆறாந் தரத்தில் அமர்ந்திருந்த பலர், முப்பத்தைந்துக்கு ஓரிரு புள்ளி குறைந்ததனால் வேறு வாழ்க்கைக்குச் சென்றுவிட்டனர். அவர்களுக்குக் கணக்கு வரவில்லை என்று நாம் நம்பியிருக்கின்றோம். அவர்களுள் எத்தனை பேர் இன்று வயலிலும் கடலிலும் கடையிலும் நம்மைவிட விரைவாக மனக்கணக்குச் செய்கின்றனர் என்பதை நோக்கின், குறை அவர்களிடத்தன்று என்பது தெளிவாகும். ஆசிரியத் தொழிலுக்குச் செல்லவிருக்கும் மாணவர், சிவப்பு மையால் ஒரு பிழையைச் சுழிக்குமுன் அப்பிழை எங்கிருந்து வந்தது என ஒருகணம் வினவுவாராயின், இவ்வரலாறு மாறத் தொடங்கும்.